எட்டு மணி வைட்டமின்

புதுக்கடை,
09-09-2025

அன்பு மகன் ஜெப்சனுக்கு அம்மா நேசம்மாள் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது.

நான் இங்கே சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நேற்று உன்னைப் பார்க்க வந்து திரும்பிய பத்து மணி நேரக் கார்ப் பயணம் என் வலது கால் முட்டுக்குப் பிடிக்கவில்லை. பலாச்சக்கை அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. மற்றபடி கர்த்தர் என்னைத் திடமாகத்தான் வைத்திருக்கிறார். நீயும் திடமாக இரு. பள்ளிக்கூட நேரத்தில் கல் லாரி விடாதே என்று ரோட்டில் உட்கார்ந்ததற்காக ஜெயிலுக்குப் போனவன் நீ. திருடிவிட்டுப் போகவில்லை. பதினோரு பேர் உட்கார்ந்தீர்கள். லாரிக் கண்ணாடியை உடைத்தது நீ மட்டும்தான் என்று எழுதி மற்றவர்களை விட்டுவிட்டார்கள். வீட்டுப் பிளான் வரைகிறவன், ஸ்கேலைத் தவிர எதையும் கையில் ஓங்கியது கிடையாது. வக்கீல் லிஜோ எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு, "அம்மா, இது கோர்ட்டுல நிக்காது கேட்டியளா" என்று சிரித்தான். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் சிரிப்பை நான் நம்புகிறேன்.

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்கு 'மனு' என்று பெயர் என்பதை நேற்றுத்தான் கற்றுக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், என் தோளுக்குப் பின்னால் சத்தியராஜ் மாமா. தன் மகள் பிரீனாவை உனக்குக் கொடுக்கப் போகிறவர், தன் காரிலேயே என்னைக் கூட்டிவந்தவர். அவரை வெளியே நில்லுங்கள் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் உன் எட்டு மணி வைட்டமினைப் பற்றி வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. நீ கண்ணைத் தாழ்த்தியதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பாட்டிலை ஓணத்துக்கு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸோடு சேர்த்து கேட்டில் கொடுத்தேன். அங்கே இருந்த காவலர் பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு, "வைட்டமினெல்லாம் இங்க வேணாம்மா, சாப்பாட்டுலயே சத்து இருக்கு" என்று இரண்டையும் திருப்பித் தந்தார். பாட்டிலில் ஒட்டியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று மாமாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து அந்தப் பாட்டிலில்தான் போட்டுத் தருகிறேன்.

இங்கே சப்ஜெயிலில் இருந்த மூன்று நாள் சட்டைப் பையில் கிடந்த மாத்திரை அட்டையை வைத்துச் சமாளித்திருப்பாய். ஆறாம் தேதி நிர்வாகக் காரணம் என்று உன்னை அங்கே மாற்றியபோது, பையில் இருந்ததையெல்லாம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அப்படியானால் இன்றோடு மூன்று நாள். எட்டாம் வகுப்பில் ஸ்கூல் டூர் போன இடத்தில் நான்கு நாள் விட்டாய். பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். அங்கே டாக்டர் வருகிற நாளில், நரம்புத் தளர்ச்சி, சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரை கேள். பெயர் உனக்குத் தெரியும். அதற்கு மேல் விளக்க வேண்டாம். நம் உறவுக்காரர் ஒருவர் அங்கே வேலையில் இருப்பது பெரிய ஆறுதல் என்று மாமா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறுதல்தான். ஆனால் உறவுக்காரர் காதுக்கு எல்லாம் போக வேண்டியதில்லை. நவம்பரில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நம் வாயாலேயே நாம் கெடக்கூடாது.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. அஞ்சுகிராமத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நீ வரைந்து கொடுத்த பிளானில் மாடி இருக்கிறது, மாடிப்படியைக் காணோமாம். ஆள் வந்து காட்டுவான், அதுவரை ஏணி வைத்து ஏறுங்கள் என்றேன். ஆட்டுக்குட்டி உன் செருப்பில் ஒன்றைத் தின்றுவிட்டது.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஓர் அதிகாரி படிப்பார் என்று லிஜோ சொன்னான். படிக்கிற ஐயாவுக்கும் ஸ்தோத்திரம். இதில் வெடிகுண்டு ஒன்றும் இல்லை, ஒரு தாயின் கவலைதான்.

காலை எட்டு, மாலை எட்டு. மறக்காதே.

உன் அம்மா,
நேசம்மாள்


புதுக்கடை,
16-09-2025

என் அன்பு மகன் ஜெப்சனுக்கு அம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தை ஒப்புகை அட்டை வைத்து அனுப்புகிறேன். வாங்கியவர் கையெழுத்தும் அலுவலக சீலும் எனக்குத் திரும்பி வரவேண்டும். முதலில் படிக்கிற ஐயா, இந்தத் தடவை ஸ்தோத்திரத்தோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. இதைப் படித்துவிட்டு மூடிவைத்துவிடாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். இதன் நகல் லிஜோ கையால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் போகிறது.

நேற்று லிஜோ உன்னைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தான். நெற்றியில் நான்கு தையல் என்றான். பதின்மூன்றாம் தேதி காலை குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஜெயில் குறிப்பில் இருக்கிறதாம். நீயும் அப்படியே சொன்னாயாம். நாக்கு ஓரத்தில் காயம் இருக்கிறதா பார்த்தாயா என்று லிஜோவிடம் கேட்டேன். பேசும்போது வாயைக் கோணிக்கொண்டு பேசினான் என்றான். வழுக்கி விழுகிறவன் நாக்கைக் கடித்துக்கொள்ள மாட்டான் மக்கா.

வழுக்கி விழுந்தான் என்ற அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அதை எழுதியிருக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். போலீஸ் காவலோடு கட்டிலில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பிழைக்காமல் போன பதினான்கு பேருடைய முகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஊரில் கேட்டால் எல்லாம் அடித்துக் கொன்றது என்பார்கள். அடித்ததும் உண்டு, நான் மறைக்கவில்லை. மூன்று பேருக்கு உள்ளங்காலைத் துடைக்கும்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்களை யாரும் தொடவில்லை. யாரும் தொட்டுப் பார்க்காததால்தான் அவர்கள் செத்தார்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு மூன்றாம் நாள் கை நடுங்கும், சுவரில் பாம்பு ஊர்கிறது என்பான். நடிக்கிறான் என்று கட்டிப்போடுவார்கள். சர்க்கரைக்காரனுடைய ஊசி வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும், ஆள் உள்ளே இருப்பான். அவமானம் தாங்காதவன் முதல் வாரத்திலேயே தன்னை முடித்துக்கொள்வான். பெரும்பாலும் முதல் பத்து நாள்தான். அது தப்பினால், ஒரு ஜெயிலிலிருந்து இன்னொரு ஜெயிலுக்கு மாற்றிய மறுவாரம். ஆள் போய்ச் சேருவான், அவனுடைய மருந்துச் சீட்டு போய்ச் சேராது. அதுவும் ஓணம், பொங்கல், ஞாயிறு என்று டாக்டர் இல்லாத நாளாகப் பார்த்து வரும். கடைசியில் சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் இதயமும் மூச்சும் நின்றதால் என்று எழுதியிருக்கும். இதயமும் மூச்சும் நிற்காமல் யார் செத்திருக்கிறார்கள்? எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும்.

இப்போது உன்னுடையதைப் பார். ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கைது. மூன்றாம் நாள் இடமாற்றம். மாத்திரை அட்டை ஜெயில் அலமாரியில். யாரும் தொடாமலே செத்தவர்கள் போன வழியில்தான் நீயும் நடந்துகொண்டிருக்கிறாய். நான் பக்கத்தில் நின்று, பராக்குப் பார்க்காமல் நட என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் பெயர் அல்போன்ஸ். இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரைக்காரர், வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். பதினொரு வருடத்துக்கு முன்னால், நீ பிளஸ் டூ படிக்கும்போது, நினைவு வருவதும் போவதுமாக அவரைக் கொண்டுவந்தார்கள். என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டரே, மூணு நாளா என் மாத்திரை தரல்ல. வலிப்பு மாத்திரை" என்றார். கூட வந்த காவலர், "அவன் கெடக்கான் சிஸ்டர். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். மாத்திரை கேட்டார் என்பதை எழுதவில்லை. மத்தியானத்துக்குள் இறந்துவிட்டார். அவர் மனைவி குளோரி வராந்தாவில் நின்றுகொண்டு, கடைசியாக என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அன்றைக்கு என் கைப்பையில் உனக்கு வாங்கிய அதே மாத்திரை இருந்தது.

எழுதாதது நடக்காதது என்று சின்ன நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். சார்ட்டில் ஒரு வரி விட்டுப்போனால் நான் போடுகிற சத்தம் அடுத்த வார்டு வரை கேட்கும். அன்றைக்கு வேலைக்குப் பயந்துவிட்டேன். உன் அப்பா அந்த வருடம்தான் தவறியிருந்தார். இதையெல்லாம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சீல் விழுகிற இடத்துக்கு எழுதி அனுப்புகிறேன். என்மேல் விசாரணை வந்தால் வரட்டும்.

அல்போன்ஸுக்குச் செய்ததையே உனக்கும் செய்தேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் உன்னைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார்களே, அந்த டியூட்டி டாக்டர் பெண்பிள்ளை, நோய் ஏதாவது உண்டா என்று உன்னைத்தான் கேட்டது. நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "பையனுக்கு ஒரு குறையும் கிடையாது டாக்டர், நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ்" என்றேன். சத்தியராஜ் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என்னை நம்பி, நோய் இல்லை என்று எழுதியது. உன் கூடவே போயிருக்கும் தாள் அது ஒன்றுதான்.

வேறு தாளுக்கு எங்கே போவது? இருபத்தொரு வருடத்தில் உன் பெயரில் ஒரு மருந்துச் சீட்டுகூடக் கிடையாது. எல்லாம் நேசம்மாள் என்ற பெயரில். என் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கெஞ்சி அப்படி எழுதி வாங்கினேன். உன் அப்பாவின் தங்கை செல்லபாய்க்கு நிச்சயித்த கல்யாணம் எப்படி நின்றது என்று உனக்குத் தெரியும். ஆலயத்தில் கல்யாணத்துக்கான இரண்டாம் அறிக்கை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெஞ்சிலிருந்து விழுந்தாள். காக்காவலிப்புக்காரி என்ற பெயரோடு அறுபது வயதுவரை அடுக்களையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தாள். உனக்கு அந்தப் பெயர் வரக்கூடாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உன் பெயரைக் காப்பாற்றப் போய் இப்போது உன் உயிரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே படிக்கிற ஐயாவுக்கும் டாக்டர் அவர்களுக்கும் இதைத் தெளிவாக எழுதுகிறேன். ஜெப்சன், வயது இருபத்தொன்பது. எட்டு வயது முதல் வலிப்பு நோய் உண்டு. பினிடோயின் நூறு மில்லிகிராம், காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை எட்டு மணிக்கு இரண்டு. ஆறாம் தேதி மாலையிலிருந்து கிடைக்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிர் போகும். இது இன்று முதல் உங்களுக்குத் தெரியும்.

நாளைக்கு பிரீனா வீட்டுக்குப் போகிறேன். லிஜோ சொல்லித் தெரிவதைவிட, அங்கே வேலையில் இருக்கும் உறவுக்காரர் வார்டர் அபினேஷ் சொல்லித் தெரிவதைவிட, நான் சொல்லித் தெரிவது மரியாதை. நீ பயப்படாதே. என் முட்டுதான் வீங்கியிருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது.

கர்த்தர் உன்னை விழாமல் காப்பாராக.

உன் அம்மா,
நேசம்மாள்


புதுக்கடை,
22-09-2025

அன்பு மகன் ஜெப்சனுக்கு அம்மா ஸ்தோத்திரம் கூறி எழுதுவது.

ஒப்புகை அட்டை சனிக்கிழமை வந்தது. சீல் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். படிக்கிற ஐயா, நீங்கள் அந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தீர்கள் என்று லிஜோ சொன்னான். உங்கள் பெயர் தெரியாது, ஆனாலும் உங்களுக்காக ஜெபித்தேன்.

ஆனால் நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டபோது, "அம்மாவுக்கு வயசாயிட்டு டாக்டர். ஆஸ்பத்திரியில கெடந்து கெடந்து எல்லாத்துலயும் நோயத்தான் பாப்பாங்க. நான் வழுக்கித்தான் விழுந்தேன்" என்று சொன்னாயாம். எனக்கு மறதி வேறு உண்டு என்றாயாம். நீ அஞ்சுகிராமத்து வீட்டுக்கு மாடிப்படி வரைய மறந்தவன், என் மறதியைப் பற்றிப் பேசுகிறாய். முதலில் சிரித்தேன். பிறகு அடுக்களையில் போய் அழுதேன். அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு அபினேஷ் நின்றிருந்தான் என்று லிஜோ சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவின் தங்கை மகன். அவன் காதில் விழுந்தால் அன்று மாலையே பிரீனா வீட்டுக்குப் போன் போய்விடும் என்று நினைத்தாய். உறவுக்காரர் காதுக்குப் போக வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததும் நான்தானே. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்த பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

அதனால் இங்கே நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கவனமாகப் படி.

புதன்கிழமை பிரீனா வீட்டுக்குப் போய், காப்பி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சத்தியராஜ் மாமா எழுந்து, "யோசிச்சுச் சொல்லுதோம் நேசம்மா" என்று உள்ளே போய்விட்டார். பிரீனா போகவில்லை. "மாமி, நீங்க நர்ஸ்தானா?" என்று கேட்டாள். பிறகு திடீரென்று அழ ஆரம்பித்தாள். நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் முட்டம் கடற்கரைக்குப் போனீர்களே, பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் நீ கடலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாயாம். கூப்பிட்டும் திரும்பவில்லையாம். "என்னப் பிடிக்காமத்தான் அப்பிடி இருக்காருன்னு நெனச்சு ரெண்டு மாசமா அழுதிட்டு இருந்தேன் மாமி. ஒரு வார்த்த சொன்னியளா?" என்றாள். பார்த்தாயா, நாம் மறைத்ததை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று. நோய் தெரிந்து அழுதவள் இல்லை அவள், நோய் தெரியாமல் அழுதவள்.

வியாழக்கிழமை காலை அவளே ஸ்கூட்டரோடு வந்து வாசலில் நின்றாள். ஏறுங்க என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நாகர்கோவிலில் ஓய்வில் இருக்கும் என் பழைய டாக்டர் வீட்டுக்குப் போனோம். நேசம்மாள் பெயரில் எழுதிய மாத்திரை எல்லாம் மகனுக்குத்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தரக் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் பேரு கெட்டுப் போகும் சிஸ்டர்" என்றார். கெட்டுப் போகட்டும் டாக்டர், பையன் போகக்கூடாது என்றேன். மேஜை டிராயரைத் திறந்து லெட்டர்பேடை எடுத்து எழுதித் தந்தார். முட்டத்தில் கண்டதை பிரீனாவும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட் இரண்டையும் பார்த்துவிட்டு, வருகிற வியாழக்கிழமை உன்னை அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்ட உத்தரவு போட்டுவிட்டார். அதே நாளில் ஜெயில் டாக்டரின் குறிப்பும் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. கைதியே தனக்கு நோய் இல்லை என்கிறார், ஆகவே மருந்து கொடுக்கவில்லை என்று. அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மா பெயரில் சீட்டு, ஆள் வேண்டாம் என்கிறான். நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை லிஜோவோடு இராஜாக்கமங்கலம் போனேன். குளோரியைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, கடற்கரையில் எல்லோருக்கும் அவளைத் தெரிகிறது. மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அல்போன்ஸ் என்ன கேட்டார், நான் என்ன எழுதினேன் என்று நின்றபடியே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பதினோரு வருசமா அவரு குடிச்சிட்டுப் போயி விழுந்தாருன்னுதான் சிஸ்டர் நெனச்சேன். கல்லறைக்குப் போனாலும் அவர ஏசிட்டுத்தான் வருவேன்" என்றாள். பிறகு, "இத எழுதித் தருவியளா?" என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புறப்படும்போது உன் பெயர் என்ன என்று கேட்டாள், அவ்வளவுதான்.

நேற்று ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் ஜெபக் குறிப்புச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன். போதகர் அதைப் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் வாசிக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். எழுதியபடி வாசியுங்கள் ஐயா என்றேன். மைக்கில் வாசித்தார். நம் சபை அங்கத்தினர் ஜெப்சன், எட்டு வயது முதல் வலிப்பு நோய் உள்ளவர், சிறையில் இருக்கிறார், அவருக்கு மாத்திரை கிடைக்கும்படி சபையார் ஜெபித்துக்கொள்ளும்படி தாயார் நேசம்மாள் கேட்டுக்கொள்கிறார். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருபத்தொரு வருடம் அந்த மூடியைத் தேடி அலைந்தவள் நான். நேற்று அந்தக் கனத்தை இறக்கி வைத்ததும் முட்டு வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருத்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். யார் என்று எழுத மாட்டேன், அவளுக்குத் தைரியம் வரும்போது அவளே சொல்லட்டும். "எங்க பிள்ளைக்கும் உண்டு மாமி. நாங்க காச்சல் மாத்திரைன்னு சொல்லித்தான் குடுக்கோம்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நம்முடைய சின்ன சபையிலேயே இத்தனை வீட்டில் எட்டு மணி வைட்டமின் இருந்திருக்கிறது!

அபினேஷுக்கும் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. சத்தியராஜ் மாமா நேற்று மாலை அவனுக்குப் போன் செய்துவிட்டார் என்று பிரீனா சொன்னாள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிரீனாவிடம் நானும் கேட்கவில்லை. அவளாக ஒன்றே ஒன்று சொன்னாள். "அவர்ட்ட கேக்கதுக்கு எனக்கு நெறைய இருக்கு மாமி. ஏசதுக்காவது ஆளு உசிரோட வேணும்லா." இதை உன்னிடம் அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். நானும் பிரீனாவும் வருகிறோம். வாசல் வரைதான் விடுவார்கள், பரவாயில்லை, வாசலில் நிற்போம். உள்ளே டாக்டர் உன்னைக் கேட்பார். முந்திக்கொண்டு பதில் சொல்ல இந்தத் தடவை நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். டாக்டர் சீட்டு தயார், கோர்ட்டு உத்தரவு தயார், சபையார் ஜெபம் தயார். நீ சொல்வது ஒன்றுதான் பாக்கி. நீ இல்லை என்று சொன்னால் இத்தனை தாளும் வெறும் தாள்தான். வழுக்கி விழுந்தான் என்ற அந்த ஒரு வரிதான் நிற்கும்.

உனக்கு எட்டு வயதில், முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, மட்டி வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்து, இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். என்ன என்று புரியாமலே தலையாட்டினாய். நல்ல பிள்ளை, இருபத்தொரு வருடம் காப்பாற்றினாய். போதும். அந்தச் சத்தியத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். டாக்டரிடம் சொல், காவலரிடம் சொல், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனிடம் சொல், நீ விழும்போது உன்னை ஒருச்சாய்த்துப் படுக்க வைக்க அவனுக்காவது தெரியட்டும். சொல்லாதே என்று சொன்ன அதே அம்மா கேட்கிறேன், சொல்லு மக்கா.

கர்த்தர் உன் வாயைத் திறப்பாராக.

உன் அம்மா,
நேசம்மாள்